பிளக் சுண்டைக்காய், கவர் முக்கால் பணம்

ஒரு ஸ்பார்க் பிளக். மரை 10 எம்எம், சாக்கெட் 16 எம்எம். கழட்ட ஒரு நிமிஷம், மாட்ட ஒரு நிமிஷம். ஆனா இப்போ மலேசியாவுல வர்ற 150 சிசி கப்சாயில, அதாவது பிளாஸ்டிக் கவர் போத்துன சின்ன மோட்டார் சைக்கிள்ல, அந்தப் பிளக் மூஞ்சியைப் பாக்கணும்னா சைட் கவர், நடுக்கவர், லெக் ஷீல்டுன்னு ஒவ்வொண்ணா உரிக்கணும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொன்ன ஆளு இந்த கவர்செட்டைப் பாத்திருந்தா கணக்கை இன்னும் ஏத்தியிருப்பாரு.

கோபம் பிளக் மேல இல்ல. மோட்டாரோட குடுக்கிற புத்தகத்துல இத்தனை கிலோமீட்டர்ல பிளக்கைப் பாரு, ஏர் ஃபில்டரைப் பாரு, வால்வு கிளியரன்ஸை (வால்வு இடைவெளியை) பாருன்னு கட்டம் போட்டு எழுதுறானுங்க. அடிக்கடி பாருன்னு எழுதுனது எதுவோ அதைத்தான் ஆழமா புதைச்சு வெச்சிருக்கானுங்க. ஆயுசுக்கும் தொட வேண்டாத சாமானெல்லாம் காத்தாட வெளிய தொங்குது.

காரணம் தெரியாம இல்ல. ஃபேக்டரி லைன்ல முதல்ல ஃபிரேம், அதுல எஞ்சின், ஒயர், ரேடியேட்டர், எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பிளாஸ்டிக் சட்டை. மாட்டுறவனுக்கு இது சுகமான வரிசை, ஏன்னா அவன் ஒரு தடவைதான் மாட்டப் போறான். நாமதான் ஃபிளாட்டுக்குக் கீழ, கால்வாய் ஓரத்துல குந்திக்கிட்டு அதே வரிசையைத் தலைகீழா வருஷத்துக்கு நாலு தடவை ஓட்டணும்.

அந்தச் சட்டையாவது ஒழுங்கா கழலுமா? ஸ்க்ரூவையெல்லாம் எடுத்தாச்சுன்னு வெளிப்பக்கமா இழுத்தா டக்குன்னு ஒரு சத்தம். காது போச்சு. கவருக்கு உள்பக்கம் கொக்கி மாதிரி காது இருக்கும். முதல்ல முன்னாடியோ கீழயோ ஒரு விரல்கடை தள்ளி, கொக்கி விடுபட்ட பிறகுதான் வெளிய எடுக்கணும். எந்தப் பக்கம் தள்ளணும்னு கவர்ல ஒரு அம்புக்குறி போட்டா என்ன குறைஞ்சிடும்? அப்புறம் அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கிளிப். அதை நெம்பாதீங்க. நடு ஊசியை ரெண்டு மூணு எம்எம் உள்ள அழுத்துனா தானா இளகும். திருப்பிப் போடும்போது ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி வெளிய நிக்க வெச்சு, துவாரத்துல விட்டு, தலை சமமாகிற வரைக்கும் அழுத்தணும். இது தெரியாம நெம்பி நெம்பித்தான் பாதி மோட்டார்ல கிளிப்புக்குப் பதிலா கேபிள் டை தொங்குது.

ஸ்க்ரூ தலை வழுக்குற விஷயத்துல திருப்புளி மேலயும் தப்பு இருக்கு. ஜப்பான் மோட்டார்ல வர்ற கூட்டல் குறி ஸ்க்ரூ ஜிஸ் (JIS)ங்கிற ஜப்பான் தர அளவுல செஞ்சது. நம்ம கையில இருக்கிறது பிலிப்ஸ் திருப்புளி. பாக்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஆனா பிலிப்ஸ் முனை அந்தக் குழியில அடிவரைக்கும் உக்காராது; பலமா திருப்புனா ஏறி வெளிய வந்து தலையைத் தின்னுட்டு வரும். ஜிஸ் இரண்டாம் நம்பர் திருப்புளி ஒண்ணு வாங்கி வெச்சிக்குங்க. பினாங்குல இருக்கிறவங்க லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில தேடிப் பாக்கலாம்.

அதுலயும் பிரேக் ஆயில் டப்பா மூடியில இருக்கிற ரெண்டு ஸ்க்ரூ இருக்கே! மூடியோட சமமா பதிஞ்ச தலை, மெத்து இரும்பு, அலுமினிய டப்பா, மேல மழை. கரையில இருக்கிற பிறை ஊர்லேர்ந்து தீவுல இருக்கிற பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு தினமும் 13.5 கிலோமீட்டர் பினாங்கு பாலத்துல கடல் காத்துல ஓடுற மோட்டார்னா ரெண்டும் ஒட்டி ஒரே உலோகமாவே ஆயிடும். பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கிற சாமான், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும். மாத்தணும்னா இந்த மூடி திறக்கணும். திருகுறதுக்கு முன்னாடி துருவுக்கு அடிக்கிற எண்ணெயைச் சொட்டு விட்டு ஊறப் போடுங்க. திருப்புளியை நேரா நிக்க வெச்சு பின்னால சுத்தியால ரெண்டு சின்ன தட்டு தட்டுங்க, ஓங்கி அடிச்சா டப்பா விரியும். அப்புறம் உடம்பு பாரத்தைப் போட்டு அழுத்திக்கிட்டே திருப்பணும். திறந்ததும் சுத்தி ஈரத்துணி போட்டுக்குங்க, ஒரு சொட்டு சிந்துனா பெயிண்ட் உரிஞ்சிரும்.

சரி, பிளக்குக்கு வருவோம். கவரையெல்லாம் உரிச்சாச்சு, கை போகுதா? ரெண்டு விரல் போகும், மூணாவது விரல் ரேடியேட்டர்ல இடிக்கும். கழட்டுறதுக்கு முன்னாடி அந்தக் குழியில காத்து அடிச்சு மண்ணை வெளிய எடுங்க, இல்லன்னா நேரா சிலிண்டருக்குள்ள விழும். திரும்பப் போடும்போதுதான் உண்மையான ஆபத்து. சாக்கெட்டோட சேத்து உள்ள விட்டு முறுக்குனா மரை கோணலா ஏறி அலுமினிய ஹெட் போயிடும். ஒரு சாண் பெட்ரோல் ஹோஸை பிளக்கோட பின்பக்கத்துல சொருகி அதைப் பிடிச்சுத் திருப்புங்க. மரை சரியா பிடிச்சா சுலபமா சுத்தும், கோணலா போனா ஹோஸ் வழுக்கி எச்சரிக்கும். கையாலயே அடிவரைக்கும் போன பிறகு, புது பிளக்னா சாக்கெட்டால அரைச் சுத்து போதும். பழசையே திரும்பப் போடுறீங்கன்னா வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், லேசா ஒரு இழுப்பு, அவ்வளவுதான். பல்லைக் கடிச்சுக்கிட்டு முறுக்க இது லாரி டயர் இல்ல.

ஹெட்லைட் கதை இன்னொண்ணு. 1992லயே மோட்டாருக்குப் பகல்லயும் விளக்கு எரியணும்னு இந்த நாட்டுல சட்டம் வந்துருச்சு. அப்போ பல்பு சீக்கிரம் தீரும்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனா கப்சாய்ல பல்பு எங்க? ஹேண்டில் கவருக்குள்ள. அதைப் பிளந்தா சிக்னல் ஒயர், சுவிட்ச் ஒயர், திராட்டில் கேபிள் எல்லாம் குடல் மாதிரி பிதுங்கும். ஹாலஜன் பல்புன்னா கண்ணாடியை விரலால தொடாதீங்க, விரல் எண்ணெய் ஒட்டுன இடம் சூடாகி பல்பு சீக்கிரமே போயிடும். மூடுன பிறகு எஞ்சினை ஓட விட்டு ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பிப் பாருங்க. திருப்பும்போது சத்தம் தானா ஏறுச்சுன்னா திராட்டில் கேபிள் எங்கயோ மாட்டி இழுக்குதுன்னு அர்த்தம். அப்படியே ரோட்டுக்கு எடுத்துராதீங்க.

பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் ஓட்டுற ஆளுங்க சிரிக்க வேண்டாம். உங்க வால்வு ரெண்டுக்கும் எஞ்சின் ஆறியிருக்கும்போது இடைவெளி 0.05 எம்எம். கீழ இருக்கிற எக்ஸாஸ்ட் மூடி கைக்கு வரும். மேல இருக்கிற இன்டேக் மூடிகிட்ட ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்குற மெல்லிசுத் தகடை) நேரா விட முடியாம வளைச்சு விட்டு, இறுக்கமா லூசான்னு பாதி பேர் ஊகத்துலதான் சொல்றாங்க. பேட்டரி நட்டைப் பத்தி சொல்லவே வேண்டாம். சதுர நட்டு, கீழ ஒண்ணும் தாங்காது, போல்ட்டை வெச்சு அழுத்துனா உள்ள விழுந்துரும். நட்டுக்கு அடியில ஒரு துண்டு ஸ்பான்ஜைச் சொருகிட்டுப் போடுங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில.

போமென் (மெக்கானிக்) கடையில விட்டா மட்டும் என்ன வாழுது? பன்னெண்டு ஸ்க்ரூ கழட்டுனா ஏழுதான் திரும்பி வரும். அதுலயும் நீளமும் குட்டையும் மாறி, நீள ஸ்க்ரூ போன இடத்துல கவர் புடைச்சு நிக்கும். அவரைத் திட்டவும் மனசு வரல. ஒரு பிளக்குக்கு அரை மணி நேரம் உரிச்சு அரை மணி நேரம் மூடுனா அவரு எத்தனை மோட்டாரைப் பாப்பாரு?

கவர்ல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கதவு, ஒரே ஒரு ஸ்க்ரூ. பெட்ரோல் ஊத்த சீட்டைத் தூக்க வழி பண்ணத் தெரிஞ்சவனுக்கு இது மட்டும் தோணலையாக்கும்!