யாரும் இல்லாத நேரம் எதற்கு?
"பிரிய வேண்டியதை ஒரு தாளில் எழுதி, யாரும் இல்லாத நேரத்தில் எரித்துவிடுங்கள்" என்கிறது, பிரிவுக்கும் இழப்புக்கும் விடைகொடுப்பது பற்றி நான் படித்த ஒரு கட்டுரை. எரிப்பது சரி, அந்த "யாரும் இல்லாத நேரம்"தான் இடிக்கிறது. எங்கள் கடலூர்ப் பக்கம் ஆடி 18 அன்று பெண்ணையாற்றுக்கு வந்து பாருங்கள். பத்திரமாக வைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விடும் புதுப்பெண்ணைச் சுற்றி மாமியார், நாத்தனார் எல்லாரும் புளிசாதத் தூக்கோடு நிற்பார்கள். அம்மா வீட்டை நினைத்து அழுதால் அதட்டவும் ஆள் உண்டு, சிரிக்க வைக்கவும் உண்டு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் எங்கள் முந்திரித் தோப்பைச் சாய்த்தபோது, மரம் வெட்ட ஆள் கூப்பிடவே அப்பா மறுத்துவிட்டார். தனியாகப் போய் விழுந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வருவார். அதனால் ஒன்றும் ஆறவில்லை. பாட்டிதான் ஒருநாள் அக்கம்பக்கத்தாரையும் கூட்டிப்போய், இருப்பதிலேயே பெரிய மரத்தடியில் சூடம் ஏற்றித் தேங்காய் உடைத்தார். அன்று மதியமே அப்பா ரம்பக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அப்புறம், மாலையை விட்டால் ஆறு குப்பையாகாதா என்று அந்தக் கட்டுரையின் பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். இப்போதைய மாலையில் ஜரிகையும் பிளாஸ்டிக் மணியும்தான் அதிகம்; எங்கள் வீட்டில் அதையெல்லாம் பிரித்தெடுத்துவிட்டுப் பூவை மட்டும்தான் விடுகிறோம்.