சின்னக் கைக்குப் பெரிய மணிக்கூடு

என் மணிக்கட்டின் சுற்றளவு 14.5 சென்ரிமீற்றர். யாழ்ப்பாணம் ரவுணில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், ஆம்பிளைகளுக்கு என்று எடுத்து வைக்கிற மணிக்கூடெல்லாம் முகத்தின் அகலம் 44, 46 மில்லிமீற்றர். சின்னதாக ஒன்றும் இல்லையா என்று கேட்டால் பெண்கள் பக்கத்தைக் காட்டி "அங்கை பாருங்கோ தம்பி" என்கிறார்கள். என்ன நியாயம் இது? 1950களில் 34, 36 மில்லிமீற்றர்தான் ஆண்களின் வழக்கமான அளவு. அப்பப்பாவின் பழைய சாவி கொடுக்கிற மணிக்கூடு இன்றைக்கும் என் கையில் அளந்து செய்த மாதிரி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானிகளுக்கு 55 மில்லிமீற்றரில் செய்தார்கள்தான், ஆனால் அவர்கள் அதைத் தடித்த ஜக்கெற்றின் கைக்கு மேலே கட்டினார்கள், சித்திரை வெயிலில் வியர்க்கிற வெறுங்கையில் அல்ல.

கனடாவிலிருந்து வந்த மாமா ஆசையாக ஒன்று தந்தார். நாலு கண்ணி கழற்றியும் அது நிற்கவில்லை. சைக்கிள் ஓடும்போது உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடும், சாவி கொடுக்கிற குமிழ் புறங்கையில் குத்திக் குத்திச் சிவந்துபோகும், கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ முழுக்கைச் சட்டை போட்டால் பொத்தானே பூட்ட ஏலாது. உண்மையில் முகத்தின் அகலத்தைவிட, வார் பூட்டுகிற மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடைப்பட்ட நீளம்தான் முக்கியம்; அது மணிக்கட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றால் எந்த வாரும் சரிவராது. அந்த அளவை ஒரு கடையிலும் சொல்கிறார்கள் இல்லை.

யாராவது 36 மில்லிமீற்றரில், கறுப்புத் தோல் வாரோடு ஒன்றை எடுத்து வையுங்கோ. நாளைக்கே வந்து வாங்குகிறேன்.