உட்கார ஓர் இடம்

நீலகிரிக்கு வரும் நண்பர்கள் "எங்கே போய் உட்காரலாம்?" என்று கேட்டால், கண்ணாடிச் சுவர் வைத்த காபிக் கடை ஒன்றின் பெயரைத்தான் என்னிடம் எதிர்பார்க்கிறார்கள். நானும் அங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். கோப்பை காலியாவதற்குள் பில் வந்துவிடும். என் கணக்கில் அது உட்காருவதில் சேராது.

உட்காருவது என்றால் மேட்டுப்பாளையத்தில் ஏறும் மலை ரயிலில், முன்பெட்டியின் முதல் வரிசை. இஞ்சினுக்குப் பக்கத்தில் இடம் பிடிக்கிறேன் என்று ஓடுபவர்கள் ஏமாந்து போவார்கள். இங்கே இஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. முன்னால் இருப்பவை பிரேக்ஸ்மேனின் கொடி, தண்டவாளம், காடு, அவ்வளவுதான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் தண்டவாளத்தின் நடுவிலுள்ள பற்களைக் கவ்விக்கொள்ளும். பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். அந்த ஏற்றத்தில் எதிரெதிர் இருக்கைகளின் குணமே மாறிவிடுகிறது. மலையைப் பார்த்து உட்கார்ந்தவர் சாய்வு நாற்காலி ஜமீன்தார். அவருக்கு எதிரே இருப்பவரோ வழுக்கி வழுக்கி அவர் மடியில் விழப் பார்ப்பார். என் பெரியம்மா குன்னூர் வரும்வரை ஜன்னல் கம்பியை விடவில்லை. இயற்கைக் காட்சி எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, கம்பி நல்ல உறுதி என்றார்.

ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயத்தின் மர பெஞ்சும் எனக்குப் பிடிக்கும். 1829இல் அடிக்கல் நாட்டிய கோயில். எல்லோரும் வண்ணக் கண்ணாடியைப் பார்க்கிறார்கள், நான் கூரையைப் பார்ப்பேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரங்கள் அவை. யானைகள் இழுத்து வந்தன என்பார்கள். தோற்ற அரசனின் உத்தரத்துக்குக் கீழே வென்றவர்கள் மண்டியிட்டு என்னதான் வேண்டிக்கொண்டார்களோ! எந்தப் பிரசங்கத்தையும்விட அந்தக் கூரை என்னை அதிகம் யோசிக்க வைத்திருக்கிறது.

திண்ணை சமவெளிக்காரர்களின் சொத்து என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்றில், தவழ்ந்து நுழையும் அந்தச் சின்ன வாசலுக்கு இருபுறமும் திண்ணையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

சினிமாக் கொட்டகையையும் சொல்ல வேண்டும். சமவெளியில் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடுவார்கள். நாங்கள் மின்விசிறிக்குத் தப்பிய இடமாகத் தேடுவோம். டிசம்பர் மாத இரவுக் காட்சியில் ரெக்சின் இருக்கை பனிக்கட்டி போலிருக்கும். அது சூடாவதற்குள் இரண்டு பாட்டு முடிந்துவிடும். இடைவேளையில் யாரும் எழமாட்டார்கள், சூடாக்கிய இருக்கையை இழக்க யாருக்கு மனம் வரும்? எங்கள் வரிசைக்கு முறுக்கு கைமாறிக் கைமாறித்தான் வந்து சேரும்.

ஆனால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு பாறை. இந்தியாவும் இலங்கையும் 1964ஆம் ஆண்டு செய்துகொண்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அம்மா கொழுந்து பறித்தார். தேயிலைச் சரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டேதான் வேலை. எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த பாறையில்தான் பெண்கள் உட்காருவார்கள், அதுவும் மேஸ்திரி தராசோடு வரும்வரை. இடுப்பில் சுற்றிய ஈரப் படங்கை அவிழ்க்காமல், காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிப் போட்டபடி, சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். பள்ளி விட்டு வரும் நான் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொள்வேன். எத்தனையோ பேர் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பாறை அம்மிக்கல் போல வழவழப்பாகியிருந்தது. யாரும் அதைப் படம் எடுத்ததில்லை.

இன்று எங்கள் ஊரில் காட்சிமுனைதோறும் படம் எடுத்துக்கொள்ள இதய வடிவில் நாற்காலி இருக்கிறது. பஸ் நிறுத்தத்தில் இருந்த கல் பெஞ்சை மட்டும் பெயர்த்துவிட்டார்கள். அதற்குப் பதில் உருண்டையான இரும்புக் குழாய். யாரும் படுத்துவிடக் கூடாதாம். படுக்க முடியாதுதான், உட்காரவும் முடியவில்லை. வேலை முடிந்து வரும் பெண்கள் தூக்குவாளியும் கையுமாக நின்றுகொண்டே இருக்கிறார்கள். இதயத்தில் உட்கார்ந்து சிரிக்கிறவருக்கு அரை நிமிடம் போதும், இவர்களுக்கு அரை மணி நேரம் வேண்டும். இது யாருக்குமா தெரியவில்லை?

போன வாரம் அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகப் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மூட்டு வலி. அம்மா அந்தக் குழாயை ஒரு முறை பார்த்தார், பிறகு பக்கத்துக் கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். கடைக்காரர் வெளியே வந்தார். எழுந்திருக்கச் சொல்வார் என்று நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். "படி சில்லென்று இருக்கும், பாட்டி" என்றவர், காலிப் பால் டிரே ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் முந்தின நாள் செய்தித்தாளை நான்காக மடித்து வைத்தார்.