காக்காமாரே, அண்ணன்மாரே, குரூப்பில் படத்தைக் கொட்டாதீர்கள்!

மேடையில் கட்டிய பூ வாடுவதற்குள் கல்யாண வீட்டுப் படம் குடும்பக் குரூப், தெருக் குரூப், பள்ளித் தோழர் குரூப், வளைகுடாவில் இருக்கிற நம்மூர்க்காரர் குரூப் என்று நான்கிலும் வந்து விழுகிறது. மாப்பிள்ளை படத்தைப் போடுங்கள், யார் வேண்டாம் என்றது? பெண்கள் பக்கத்தில் எடுத்த படத்தை எதற்குப் போடுகிறீர்கள்? கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தொண்டியிலும் நிக்காஹ் வீட்டில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்று இடம் பிரித்து, வாசலில் திரை தொங்கவிட்டு, உள்ளே யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். அந்தத் திரைக்குள்ளே ஒரு லாத்தா, அதாவது அக்கா, தன் தங்கச்சிமாரோடு நின்று ஆசையாக எடுத்துக்கொண்ட படம், ராத்திரி 9 மணிக்கு ஊர்க் குரூப்பில் கிடக்கிறது. அப்போது துபாயில் 7.30, கோலாலம்பூரில் 11.30. மூன்று நாட்டில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரியாத ஆண்கள் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அப்புறம் அந்தத் திரை எதற்கு?

கேட்டால் உடனே வருகிற பதில், "நம்ம ஆளுங்கதானே." எத்தனை பேர் நம்ம ஆள்? ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். குரூப் லிங்கை யாரோ எங்கோ போட, அதைத் தட்டி உள்ளே வந்தவர்கள் எத்தனை பேர் என்று அட்மினுக்கே தெரியாது. உறுப்பினர் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே ஒரு முறை படியுங்கள். முகம் தெரியாத வெறும் நம்பர்கள் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். அத்தனை பேருக்கும் முன்னால்தான் உங்கள் தங்கச்சி நிற்கிறாள். ஏலக்கூடத்தில் மீனைப் பரப்பி வைத்தால் வாங்க வந்தவன் மட்டுமா பார்க்கிறான்? போகிறவன் வருகிறவன் எல்லாம் குனிந்து பார்க்கத்தான் செய்வான். குரூப் என்பதும் அதே திறந்த தரைதான்.

இது ஒரு சமுதாயத்துக்கு மட்டும் சொல்கிற பேச்சு இல்லை. தங்கச்சிமடத்துத் தேவாலயத்தில் முதல் நன்மை எடுத்த பிள்ளையின் படமும், மண்டபத்தில் காதுகுத்துக்கு மொட்டை போட்ட குழந்தையின் படமும் இதே கதியில்தான் போகின்றன. எல்லாவற்றையும்விட வயிறு எரிவது மஞ்சள் நீராட்டுப் படத்துக்கு. 12 வயதுப் பிள்ளை. அவள் உடம்பில் நடந்த ஒன்றை, அவள் பெயர், அப்பா பெயர், தெருப் பெயரோடு பேனராக அடித்து வைத்து, அந்தப் பேனரையே படமெடுத்து ஸ்டேட்டஸிலும் போடுகிறார்கள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். கூடப் படிக்கிற பையன்களின் வீட்டுப் போன்களில் அந்த ஸ்டேட்டஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

ஸ்டேட்டஸ் போட்டே தீரவேண்டும் என்றால் போடுவதற்கு முன்னால் அதன் பிரைவசியைத் திறந்து பாருங்கள். மூன்று வழி இருக்கிறது: உங்கள் கான்டாக்ட் எல்லாருக்கும், சிலரைத் தவிர்த்து, நீங்கள் குறிக்கிற ஆட்களுக்கு மட்டும். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துப் பத்துப் பெயரைக் குறிக்க ஒரு நிமிடம் போதும். "24 மணி நேரத்தில் போய்விடும்" என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும், எடுத்தால் உங்களுக்குத் தகவலும் வராது.

இன்னொரு கொடுமையைச் சொல்லவேண்டும். இப்படி ஊருக்கெல்லாம் பரப்பியும் படம் உருப்படியாக ஒருவருக்கும் போய்ச் சேருவதில்லை. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000க்கு 3000 புள்ளி (பிக்சல்), மூன்று நான்கு எம்பி இருக்கும். சாதாரணமாக வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் நீளப் பக்கம் 1600 புள்ளி அளவுக்குச் சுருங்கி, சில நூறு கேபியாகிவிடும். போன் திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆல்பத்துக்குக் கொடுக்கும்போதுதான் தெரியும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடித்தால் 1600 புள்ளி ஐந்தேகால் அங்குலத்துக்குத்தான் வரும். அதை 12க்கு 18 அங்குலத் தாளில் இழுத்தால் முகம் மெழுகுபோல் வழிந்து நிற்கும். வந்த படத்தை அப்படியே பார்வர்ட் செய்தாலாவது அதே கோப்பு போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் மிச்சமிருந்ததும் போச்சு. தேதியும் தொலையும். படம் எடுத்த நாள், நேரம் கோப்புக்குள்ளேதான் பதிந்திருக்கும். வாட்ஸ்அப் அதை உருவிவிடும். கோப்பின் பெயரில் இருக்கிற தேதி உங்கள் போனுக்கு அது வந்து சேர்ந்த தேதி.

இதன் வலி எப்போது தெரியும் என்றால், வீட்டில் ஒருவர் தவறிப்போகும்போது. கண்ணீர் அஞ்சலிப் பலகைக்குப் படம் கேட்டு ஃபிளெக்ஸ் கடைக்காரர் போன் போடுவார். வாழ்நாளெல்லாம் கடலுக்குப் போய்க் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மனிதருக்கு, 640 புள்ளி சதுரத்தில் ஒரு புரொபைல் படமும் யாரோ குரூப்பில் போட்ட மங்கலான ஒரு கல்யாணப் படமும்தான் தேறும். நாலடிக்கு ஆறடிப் பலகையில் அந்த முகம் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். மூலப்படம் எடுத்தவன் போனை மாற்றி மூன்று வருஷம் ஆகியிருக்கும்.

சரி, எப்படித்தான் அனுப்புவது? ஒருவருக்கு நாலைந்து படம் என்றால் அனுப்பும் திரையில் மேலே இருக்கிற எச்டி குறியைத் தட்டிவிட்டு, அவருக்குத் தனியாக அனுப்புங்கள். 2023 ஆகஸ்டிலேயே அந்த வசதி வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தட்டச் சோம்பலாக இருந்தால் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மீடியா அப்லோட் குவாலிட்டி என்று போய் ஒரே தடவை எச்டி என்று வைத்துவிடுங்கள். அதிலும் கொஞ்சம் சுருக்கும், ஆனால் வீட்டில் மாட்டும் அளவுக்குத் தாங்கும். மூலப்படமே வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்பவேண்டும். ஒரு புள்ளியும் குறையாது.

டாக்குமெண்டில்தான் ஒரு கண்ணி இருக்கிறது. கேமராவில் லொகேஷன் திறந்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை கோப்புக்குள்ளே எழுதப்பட்டிருக்கும். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் உருவிவிடுகிற அந்த விவரம், டாக்குமெண்டாகப் போகும்போது அப்படியே போகும். வாங்கியவர் அந்த எண்ணை மேப்பில் போட்டால் உங்கள் தெருவும் வாசலும் வந்து நிற்கும். ஆம்பிளைகள் வெளிநாட்டில், பெண்களும் பிள்ளைகளும் மட்டும் வீட்டில் என்று இருக்கிற ஊர்கள் இந்தக் கரையில் எத்தனை! ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸுக்குள் லொகேஷன் டேக் என்பதை அணைத்துவிடுங்கள். ஐபோனில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, லொகேஷன் சர்வீசஸ், கேமரா என்று போய் நெவர் என்று வையுங்கள். ஏற்கெனவே எடுத்த படமென்றால் ஐபோனில் ஷேர் செய்யும் திரையின் மேல்பக்கம் ஆப்ஷன்ஸ் இருக்கிறது, அதில் லொகேஷனை அணைத்துவிட்டு அனுப்பலாம். சாம்சங் கேலரியிலும் படத்தின் விவரத்தைத் திறந்து இடத்தை நீக்கலாம்.

படம் நிறைய என்றால் குரூப்பில் கொட்டுவது டேட்டாவுக்கும் கேடு. 80 படத்தை டாக்குமெண்டாகப் போட்டால், ஒன்று 5 எம்பி என்றால் 400 எம்பி. நாளைக்கு 1.5 ஜிபி போட்டு ஓட்டுகிறவர் போனில் ஆட்டோ டவுன்லோடு திறந்திருந்தால், அவர் கேட்காமலே கால்வாசிக்கு மேல் போய்விடும். கூகுள் போட்டோஸில் ஒரு ஆல்பம் போட்டு, வேண்டியவர்களை அவரவர் கூகுள் கணக்கின் பெயரில் சேருங்கள். கட்டாயம் ஆல்பத்தின் ஆப்ஷன்ஸில் போய் லிங்க் ஷேரிங்கை அணையுங்கள். அது திறந்திருந்தால் லிங்க் கையில் கிடைக்கிற எவரும் மொத்த ஆல்பத்தையும் பார்க்கலாம். இலவச இடம் 15 ஜிபிதான், ஜிமெயிலும் டிரைவும் அதிலேயே அடங்கும். 2021 ஜூன் 1 முதல் நீங்கள் ஏற்றுகிற படங்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஆனால் ஆல்பத்தை வைத்திருப்பவரின் இடம்தான் குறையும், பார்க்கிறவருடையது குறையாது.

இதே தவற்றைத் தொழிலாகவே செய்கிறார்கள் ஸ்டுடியோக்காரர்கள் சிலர். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், மருதாணி ராத்திரி எல்லாவற்றையும் ஒரே டிரைவ் போல்டரில் போட்டு, லிங்க் வைத்திருக்கிற எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாப்பிள்ளையின் தம்பி அந்த லிங்கைத் தோழர் குரூப்பில் போடுகிறான். முடிந்தது கதை. ஆர்டர் கொடுக்கும்போதே பேசுங்கள், எழுதி வாங்குங்கள்: பெண்கள் பக்கத்துப் படம் தனி போல்டர், அதை ரெஸ்ட்ரிக்டட் என்று வைத்துக் குறிப்பிட்ட இரண்டு மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி, இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்கு ஒரு படமும் போடக்கூடாது, படம் ஒப்படைத்த எத்தனையாவது நாளில் டிரைவிலிருந்து நீக்குவார்கள் என்பதும். முன்பணம் கொடுக்கும்போது பேசாமல் பிறகு கத்தி என்ன பயன்?

கடலுக்குப் போனவர்கள் பிடிபட்டார்கள் என்று ராமேஸ்வரத்திலோ பாம்பனிலோ செய்தி வருகிற நாளில் நடப்பதையும் சொல்கிறேன். அவர்களுடைய ஆதார் அட்டை முழு எண்ணோடு எல்லாக் குரூப்பிலும் ஓடும். தலைவிரி கோலமாக அழுகிற அவர்கள் வீட்டுப் பெண்ணின் படம் கூடவே ஓடும். உதவி செய்கிற எண்ணம்தான், தெரிகிறது. பெயரும் ஊரும் படகின் பதிவெண்ணும் உறவினரின் ஒரு போன் நம்பரும் போதும். அதையும் சங்கத் தலைவருக்கும் மீன்வளத்துறையில் பேசுகிறவருக்கும் தனியாக அனுப்புங்கள். ஆதார் வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற மாஸ்க்டு ஆதாரை ஆதார் தளத்திலேயே இறக்கலாம். போனில் ஹைலைட்டர் பேனாவால் கறுப்படித்து மறைக்காதீர்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கிற எண் தெரிந்துவிடும். நிரப்பிய கட்டத்தை வைத்து மூடுங்கள், இல்லையென்றால் அந்தப் பகுதியையே வெட்டிவிடுங்கள்.

அட்மின்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. யார் போட்ட படத்தையும் குரூப்பில் எல்லாருக்குமாக நீக்குகிற அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த என்ன தயக்கம்? "போட்டவர் வருத்தப்படுவார்" என்கிறீர்கள்; படத்தில் இருக்கிற பெண் வருத்தப்படமாட்டாளா? குரூப் லிங்கை ரீசெட் செய்யுங்கள், பழைய லிங்க் செத்துவிடும். 2025 ஏப்ரலில் வந்த அட்வான்ஸ்டு சாட் பிரைவசியைத் திறந்துவையுங்கள். உரையாடலை மொத்தமாக வெளியே எடுப்பதும் படங்கள் தானாகப் போனில் இறங்குவதும் நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது. ஒரே ஒரு தடவை மட்டும் திறக்கிற வியூ ஒன்ஸ் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்கும், பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் படமெடுப்பதைத் தடுக்காது. தானாக அழிகிற டிஸப்பியரிங் மெசேஜை 24 மணி நேரம், 7 நாள், 90 நாள் என்று எதை வைத்தாலும், அதற்குள் கேலரியில் சேமித்துக்கொண்டவரிடம் படம் இருக்கத்தான் செய்யும்.

படம் ஏற்கெனவே வெளியே போய், அதை எவனாவது வெட்டி ஒட்டித் தப்பாகப் பரப்பினால், முதலில் அந்தப் பிள்ளையைத் திட்டாதீர்கள். "நீ ஏன் எடுத்தாய்" என்ற கேள்வியே வேண்டாம். பரப்பிய நம்பர், குரூப் பெயர், தேதி மூன்றும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்த பிறகு ரிப்போர்ட் செய்யுங்கள். குரூப்பை விட்டு உடனே வெளியேறவேண்டாம், சாட்சி போய்விடும். ஆனால் அது 18 வயதுக்குக் கீழான பிள்ளையின் ஆபாசப் படம் என்றால் சேமிக்கவும் கூடாது, யாருக்கும் அனுப்பவும் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் அதுவே குற்றம். நம்பரையும் குரூப் பெயரையும் மட்டும் எழுதிக்கொண்டு புகார் கொடுங்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பிரிவில் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். பிள்ளைகளுக்கு 1098 என்ற உதவி எண் இருக்கிறது. ஒருவர் சம்மதிக்காமல் அவருடைய அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதும் பரப்புவதும் அதே சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அப்படிப்பட்ட அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க, 18 வயது நிரம்பியவருக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற தளமும், அதற்குக் கீழான பிள்ளைகளுக்கு டேக் இட் டவுன் என்ற தளமும் இருக்கின்றன. படம் போனை விட்டு வெளியே போகாது, அதிலிருந்து கணக்கிட்ட ஓர் எண்ணடையாளம் மட்டும் போகும். சேர்ந்திருக்கிற தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தடுக்கும். வாட்ஸ்அப் உரையாடலுக்குள் ஓடுகிற படத்தை அது பிடிக்காது, அதனால்தான் குரூப்பில் போடுமுன் கேளுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தவேண்டியிருக்கிறது.

கேட்பது என்ன பெரிய காரியம்? "லாத்தா, இந்தப் படத்தை மாமி குரூப்பில் போடவா?" என்று ஒரு வரி. அவர் பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாதீர்கள்.

நேற்றும் முந்தாநாளும் போட்டதைக் கையோடு எடுங்கள். ஒரு செய்தியை எல்லாருக்குமாக நீக்க வாட்ஸ்அப் கொடுக்கிற நேரம் சுமார் இரண்டரை நாள். படத்தை அழுத்திப் பிடித்து, டெலீட், டெலீட் ஃபார் எவ்ரிஒன். உங்களால் முடியாவிட்டால் அட்மினைக் கூப்பிட்டு நீக்கச் சொல்லுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களின் போட்டோஸில் அது தங்கியிருக்கலாம், அதனால் குரூப்பிலேயே எழுதுங்கள்: "இந்தப் படத்தைத் தவறாகப் போட்டுவிட்டேன், யாரிடம் இருந்தாலும் அழித்துவிடுங்கள், யாருக்காவது அனுப்பியிருந்தால் அங்கேயும் நீக்கச் சொல்லுங்கள்." பிறகு அந்தப் படத்தில் இருக்கிறவருக்குப் போன் போட்டு, போட்டதையும் எடுத்ததையும் நீங்களே சொல்லுங்கள்.