லாக்கெட்டைக் கழற்றுங்க, முதல்ல எர்த்தைப் பாருங்க

மார்த்தாண்டத்துப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். சிலர் கடைக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்பார்கள். "புளூடூத் மாட்டினா தலை தெறிக்குது. வைஃபை பக்கத்துல உக்காந்தா உடம்பு ஒரு மாதிரி ஆவுது. ஆனா மீட்டிங் பேசணும், பாட்டு கேக்கணும். எனக்கு ஒத்துக்குற மாதிரி ஹெட்செட், ஸ்பீக்கர் ஏதாவது உண்டா?" களியக்காவிளை தாண்டி பாறசாலையிலிருந்து வருகிற சேட்டன்மாரும் மலையாளத்தில் இதையேதான் கேட்கிறார்கள்.

இப்படிக் கேட்பவர்களுக்கு ஊரில் இரண்டு விதமான பதில்தான் கிடைக்கிறது. ஒன்று சிரிப்பு: "எல்லாம் மனப்பிராந்தி, போய் வேலையைப் பாருங்க." இன்னொன்று வியாபாரம்: ஸ்டிக்கர், சிப், லாக்கெட், கதிர் தடுப்பு உறை. எனக்கு இரண்டுமே எரிச்சல்தான். சிரிப்பவனாவது காசு பிடுங்குவதில்லை.

தெரிந்த விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2005 டிசம்பரில் இதைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. தலைவலி, களைப்பு, தோல் எரிச்சல், உறக்கமின்மை என்று இவர்கள் சொல்கிற தொந்தரவுகள் உண்மையானவை, சிலருக்கு வாழ்க்கையையே முடக்கக்கூடியவை என்று அதில் இருக்கிறது. அந்தத் தொந்தரவுகளை மின்காந்த அலைகளோடு இணைக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. கருவி ஓடுகிறதா இல்லையா என்பது உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியாமல், சோதிப்பவருக்கும் தெரியாமல் நடத்தும் பரிசோதனைகள் உண்டு. 2010 வரை அப்படி நடந்த 46 பரிசோதனைகளை, மொத்தம் 1175 பேரின் முடிவுகளை, லண்டன் ஆய்வாளர்கள் தொகுத்துப் பார்த்தார்கள். அலை இருப்பதை இவர்களால் உணர முடிகிறது என்பதற்கு நம்பும்படியான சான்று கிடைக்கவில்லை. ஆனால் பொய்யாக "இப்போது அலை ஓடுகிறது" என்று நம்பவைத்தால் தலைவலி வந்துவிடுகிறது. வந்த வலி பொய்யில்லை. மாத்திரை போட்டுத்தான் தீரும்.

அலைதான் காரணம் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் என் கடைக்கு வருகிறவரிடம் அதை வாதாடி ஜெயித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. யார் சொல்வது சரியாக இருந்தாலும் நஷ்டம் வராத பொருளை வாங்கச் சொல்வேன். கம்பி போட்ட சாதா சாமான் அப்படிப்பட்டது. விலை குறைவு, பேட்டரி செத்துப்போகிற பிரச்சினை கிடையாது, மீட்டிங்கில் குரல் தாமதமாகப் போகாது. அலையே இல்லாத பொருள் கையில் இருக்கிறது என்ற நிம்மதியும் கிடைக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவழிக்கச் சொன்னால் சொல்கிறவரைச் சந்தேகப்படுங்கள்.

ஆனால் ஹெட்செட் வாங்கப் போவதற்கு முன்னால் வீட்டு ஒயரிங்கைப் பார்க்க வேண்டும். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

என் மயினி, அதாவது அண்ணன் மனைவி, வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் மலையாளம் சொல்லிக்கொடுக்கிறார். லேப்டாப்பில் கை வைத்தால் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது, ஹெட்செட் மைக் உதட்டில் பட்டால் சுருக்கென்கிறது, இந்த ரேடியேஷன் நமக்கு ஒத்துக்கவில்லை என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் வழக்கம்போலச் சிரித்தான். டெஸ்டரை எடுத்துப்போய் லேப்டாப்பின் உலோக மூடியில் வைத்தேன். லேசாக எரிந்தது.

"தம்பி, அப்போ நான் சொன்னது உள்ளதா?"

"உள்ளதுதான் மயினி. ஆனா இது ரேடியேஷன் இல்ல, கரண்டு."

சார்ஜருக்குள் மின்வாரியக் கரண்டு வருகிற பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகிற பக்கத்துக்கும் நடுவே, இரைச்சலை அடக்குவதற்காக ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். அதன் வழியாக மில்லியாம்பியரில் ஒரு சிறு பங்கு கரண்டு கசிந்துகொண்டே இருக்கும். மூன்று பின் பிளக்காக இருந்து எர்த்தும் ஒழுங்காக இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். விரலை மெதுவாகத் தேய்த்தால் தெரியும். வெறுங்காலோடு ஈரத்தரையில் நின்றால் நன்றாகவே தெரியும். ஹெட்செட்டின் உலோகப் பாகமும் மைக்கின் கம்பி வலையும் அந்தக் கசிவைக் காதுக்கும் உதட்டுக்கும் கொண்டுவரும். பொதுவாக ஆளைக் கொல்கிற அளவு இல்லை. ஆனால் நாள் முழுக்க அதைத் தொட்டு வேலை செய்கிற ஒருவருக்கு எரிச்சல் வந்தால் அதில் என்ன மனப்பிராந்தி இருக்கிறது?

மயினி வீட்டில் மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டரில் சார்ஜரைக் குத்தியிருந்தார்கள். அதை எடுத்துவிட்டு நேராகக் குத்தியும் டெஸ்டர் எரிந்தது, ஏனென்றால் வீட்டு எர்த் கம்பி துருப்பிடித்துப் பெயருக்குத்தான் இருந்தது. நம் பக்கத்துப் பழைய ஓட்டு வீடுகளில் இது சாதாரணம். இடவப்பாதியும் துலாவர்ஷமும் மாறி மாறி ஊற்றுகிற ஊரில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? உப்பும் கரியும் போட்டு எர்த் குழியைப் புதுப்பித்தோம். சுருக் நின்றது. எர்த் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒயரிங்காரர் கரண்டு வருகிற பேஸ் கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு கொடுத்துப் பார்ப்பார். பளிச்சென்று எரிய வேண்டும், மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை. கரண்டு கசிந்தால் தானாகவே இணைப்பைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. போட்ட வீடாக இருந்தால் அது உடனே டிரிப் ஆகும், அதுவும் நல்ல அடையாளம்தான். இந்தச் சோதனையை நீங்களே செய்யாதீர்கள், ஒயரிங்காரரைக் கூப்பிடுங்கள்.

மயினிக்குத் தலைவலி அதோடு போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. குறைந்தது, போகவில்லை. அதனால்தான் அடுத்து ஸ்பீக்கருக்கு வருகிறேன்.

தலையில் எதுவும் மாட்டக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு மேஜை ஸ்பீக்கரைவிட நல்லது கிடையாது. சத்தம் காற்றில் வருகிறது, கருவி எட்டி நிற்கிறது. ஆனால் இப்போது கடையில் விற்கிற ஸ்பீக்கர்களில் பாதிக்கு மேல் உள்ளே புளூடூத் இருக்கும். நீங்கள் ஆக்ஸ் கம்பியில் பாட்டுக் கேட்டாலும் சிலவற்றில் அது பின்னணியில் விழித்துக்கொண்டே இருக்கும். சவுண்ட்பார் வாங்கினால் சப்வூஃபர் பெரும்பாலும் வயர்லெஸ், கரண்டுக் கம்பி மட்டும்தான் இருக்கும். கேமிங் ஹெட்செட் சிலவற்றில் "புளூடூத் இல்லை" என்பார்கள். உண்மைதான், ஆனால் யு.எஸ்.பி.யில் குத்துகிற குட்டி டாங்கிளும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகிறது. ஆகவே பெட்டியில் "வயர்லெஸ்", "டாங்கிள்" என்று எதுவும் எழுதாத, யு.எஸ்.பி.யில் கரண்டு எடுத்து 3.5 பின்னில் சத்தம் எடுக்கிற பழைய மாதிரி ஜோடி ஸ்பீக்கர் போதும். பெரிய ஆம்ப் (சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி) வைத்திருப்பவர்கள் அதன் டிரான்ஸ்ஃபார்மரைத் தலைமாட்டில் வைக்காமல் ஒரு மீட்டர் தள்ளி வைக்கலாம். 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் தூரம் கூடக்கூட மளமளவென்று குறைந்துவிடும். கம்ப்யூட்டருக்கும் ஆம்புக்கும் நடுவே மின்தொடர்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஆப்டிக்கல் கேபிள் இருக்கிறது. 1983இல் தோஷிபா கொண்டுவந்தது. பிளாஸ்டிக் இழையில் சிவப்பு வெளிச்சம் போகும், கரண்டு போகாது. ஸ்பீக்கரில் 'ங்ங்' என்று இரைச்சல் வருகிற வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன், ரேடியேஷன் பயம் இருக்கிறதோ இல்லையோ.

ஸ்பீக்கர் என்றதும் 2ஜி காலத்து ஞாபகம் பலருக்கு வரும். போன் அடிப்பதற்கு ஒரு நொடி முன்னால் ஸ்பீக்கர் 'டிட் டிடிட் டிட் டிடிட்' என்று கத்தும். "ஸ்பீக்கருக்கே தெரியுது, மனுஷனுக்குத் தெரியாதா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2ஜி போன் நொடிக்கு 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும். ஆம்புக்குப் போகிற கம்பி ஆண்டெனாவாக அதைப் பிடித்துச் சத்தமாக்கியது. உடம்பில் அந்த ஆம்ப் இல்லை.

இனி ஹெட்செட். கம்பி ஹெட்செட்டுக்குள் ஒரு சின்னக் காந்தம், ஒரு சுருள், அதில் ஓடுகிற சத்தத்துக்கான சில மில்லிவாட் கரண்டு, அவ்வளவுதான். ரேடியோவே கிடையாது. அதுவும் காதருகே வேண்டாம் என்பவர்களுக்கு ஏர் டியூப் என்று ஒன்று வருகிறது. ஸ்பீக்கர் துண்டு நெஞ்சருகே நின்றுவிடும், அங்கிருந்து காது வரை வெறும் ரப்பர் குழாய், டாக்டரின் ஸ்டெதாஸ்கோப் மாதிரி. ஒரு காலத்தில் விமானத்தில் பயணிகளுக்குக் கொடுத்ததும் இந்தக் குழாய் வகைதான். பேச்சுக்குப் பரவாயில்லை. பாட்டுக் கேட்டால் ஜால்ராவும் மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் மழுங்கிவிடும். சாதாக் கம்பி இயர்போனைவிடப் பல மடங்கு விலை. வேண்டுமென்று மனதில் பட்டால் வாங்குங்கள், நான் தடுக்கமாட்டேன், சிபாரிசும் செய்யமாட்டேன்.

எனக்குப் புரியாத ஒன்று இருக்கிறது. புளூடூத்துக்குப் பயந்து அதைக் கழற்றியவர்கள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். இயர்பட் அனுப்புவது பெரும்பாலும் சில மில்லிவாட்தான். 4ஜி போன் சிக்னல் மோசமான இடத்தில் 200 மில்லிவாட் வரை ஏறும். நம் எல்லைப் பக்கத்தில் இது இன்னும் மோசம். பனச்சமூட்டில் நின்றால் போன் ஒரு நிமிஷம் தமிழ்நாட்டு டவர், அடுத்த நிமிஷம் கேரள டவர். பேச்சிப்பாறை மேலே போனால் டவரே தேடணும், தேடத் தேட போன் பலத்தைக் கூட்டும். அலைக்குத்தான் பயமென்றால் கழற்ற வேண்டியது போனைக் காதிலிருந்து. கம்பி இயர்போன் போட்டு, போனை மேஜையில் வையுங்கள். கம்ப்யூட்டரில் லேன் கேபிள் குத்தி வைஃபையை அணைத்தால் பேச்சும் தெளிவாக இருக்கும். மயினி இப்போது அப்படித்தான் செய்கிறார்.

லாக்கெட் விஷயம். மயினியின் கழுத்திலும் ஒன்று தொங்கியது, 'எனர்ஜி' லாக்கெட், ஆள் சேர்த்து விற்கிற சங்கிலித்தொடர் வியாபாரத்தில் யாரோ தலையில் கட்டியது. நெதர்லாந்து அணுப் பாதுகாப்பு அமைப்பு 2021 டிசம்பரில் "5ஜி தடுப்பு" என்று விற்ற பதக்கம், கைவளையம் என்று பத்துப் பொருள்களைப் பெயர் சொல்லித் தடை செய்தது. காரணம், அவையே கதிர்வீச்சை வெளியிட்டன. அதுவும் போன் அலை இல்லை, அணு சிதையும்போது வருகிற நிஜமான அயனியாக்கும் கதிர். அளவு குறைவுதான், ஆனால் ஒரு வருஷம் இரவும் பகலும் அணிந்தால் தோலுக்கான பாதுகாப்பு வரம்பைத் தாண்டலாம் என்றார்கள். இந்த வகைப் பொருள்களில் பலவற்றில் தோரியம் கலந்த கனிமப் பொடி இருக்கும். நமக்குத் தோரியம் அந்நியமா? மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்ற கனிமம் எடுக்கிறார்கள், அதற்குள்ளும் தோரியம் இருக்கிறது. நம் கடற்கரையில் காலடியில் கிடப்பதை எங்கோ பொடியாக்கி, எல்லை தாண்டிக் கொண்டுவந்து, கதிரைத் தடுக்கும் என்று நம் கழுத்திலேயே மாட்டுகிறான். மயினியின் லாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று சோதிக்கக் கருவி என்னிடம் இல்லை. கழற்றச் சொன்னேன், கழற்றினார். ஸ்டிக்கர் ஒட்டினால் அலை குறையும் என்பதும் இதே ரகம். உண்மையிலேயே குறைந்தால் போனில் சிக்னல் போய்விடும், போன் இன்னும் பலத்தைக் கூட்டும்.

வீட்டில் சோதித்துப் பார்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள், மனைவிக்குத் தெரியாமல் வைஃபையை ஆன் பண்ணிப் பார்க்கிறேன் என்று. தயவுசெய்து வேண்டாம். அவர்களே விரும்பிக் கேட்டால் செய்யுங்கள். ஒளிந்து செய்தால் நீங்கள் நிரூபிப்பது, உங்களை நம்ப முடியாது என்பதை மட்டும்தான்.

ஹெட்செட்டால் தலைவலி வர அலையே தேவையில்லாத வழிகளும் இருக்கின்றன. பட்டை இறுக்கமாக இருந்தால் அந்த அழுத்தமே தலைவலி தரும், மருத்துவத்தில் அதற்குத் தனிப் பெயரே உண்டு. இரைச்சல் நீக்கும் வசதியை ஆன் பண்ணினால் சிலருக்குக் காது அடைத்த மாதிரி இருக்கும், கம்பி ஹெட்செட்டில் அந்த வசதி இருந்தாலும் இதேதான். சத்தத்தின் அளவு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஹெட்போனால் காது கெடும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம், அதைப் பற்றிக் கடைக்கு வந்து யாரும் குரலைத் தாழ்த்திக் கேட்பதில்லை. வலி விடாமல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். கண்ணாடி பவர் மாறியிருக்கலாம், பிரஷர் இருக்கலாம்.

கம்பியைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஐப்பசி இடியில் சார்ஜரில் குத்திய லேப்டாப்பில் கம்பி ஹெட்செட் மாட்டி உட்காராதீர்கள், லேன் கேபிளையும் பிடுங்கி வையுங்கள். வானம் உறுமத் தொடங்கினாலே பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பேசுங்கள், இல்லையென்றால் மீட்டிங்கைத் தள்ளிவையுங்கள்.

வாங்கப் போவதற்கு முன் உங்கள் கம்ப்யூட்டரின் ஓட்டையை ஒரு தடவை பாருங்கள். பச்சை, ரோஸ் என்று இரண்டு தனி ஓட்டை இருந்தால், மூன்று கறுப்பு வளையம் போட்ட ஒற்றைப் பின் ஹெட்செட்டில் மைக் வேலை செய்யாது, பிரித்துக்கொடுக்கிற சின்னக் கம்பி தனியாக வாங்க வேண்டும். ஓட்டையே இல்லாத புது லேப்டாப் என்றால் டைப்-சி பின் வைத்த கம்பி ஹெட்செட் கேளுங்கள். கடைக்காரர் "இதெல்லாம் இப்போ யாரும் வாங்குறதில்ல" என்பார். உள்ளே தேடச் சொல்லுங்கள், இருக்கும்.