அக்டோபர் 15-ல் எங்கள் மலை ரயிலையும் சேருங்கள்

'வரலாற்றில் இன்று' என்று நீங்கள் வெளியிட்ட அக்டோபர் 15 பட்டியலில், 1931-ல் ராமேஸ்வரத்தில் கலாம் அய்யா பிறந்ததை முதலில் போட்டிருக்கிறீர்கள், மனசு நிறைந்தது. 1582-ல் கிரிகோரியன் நாட்காட்டி தொடங்கியதும் சரி. ஆனால் நீலகிரிக்காரர்களுக்கு இந்தத் தேதி என்றாலே மலை ரயில்தான். அதை விட்டுவிட்டீர்களே!

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஊட்டிக்கு வந்து சேர்ந்தது 1908 அக்டோபர் 15-ல். கல்லாறு ஸ்டேஷன் தாண்டியதும் சில இடங்களில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். சாதாரணச் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். அதுவும் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும். வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பாருங்கள், நடுவில் அந்தப் பற்கள் கிரீஸ் பூசிக் கருகருவென்று மின்னும். குன்னூருக்கு மேல் பல் சட்டம் கிடையாது.

2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ரயில் இது. அடுத்த வருடப் பட்டியலில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். அப்புறம், குன்னூர் பாதை திறந்த ஜூன் 15-ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.