26 இன்னிங்ஸ் ஆட்டம் மென்பொருளின் பிழை அன்று
1920ஆம் ஆண்டுப் பருவத்தைக் கணினியில் மீண்டும் ஆடிப் பார்க்கும் பேஸ்பால் லீகில், ஓர் ஆட்டத்தில் இரு அணிப் பந்துவீச்சாளர்களும் இருபதுக்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் (இரு அணிகளும் ஒருமுறை மட்டை பிடிக்கும் சுற்று; வழக்கமான ஆட்டத்தில் ஒன்பது) வீசியது மென்பொருளின் பிழை என்றும், மெய்யான ஆட்டத்தில் அப்படி நடந்ததே இல்லை என்றும் கூறப்படுவது தவறு. 1920 மே 1 அன்று பாஸ்டனில் புரூக்ளின் ராபின்ஸ், பாஸ்டன் பிரேவ்ஸ் அணிகள் மோதிய ஆட்டம் 26 இன்னிங்ஸ் நீண்டு, இருட்டிவிட்டதால் 1-1 என்ற சமநிலையில் நிறுத்தப்பட்டது; புரூக்ளினின் லியோன் கடோர், பாஸ்டனின் ஜோ ஓஷ்கர் இருவருமே மாற்று வீரரின்றிக் கடைசி வரை வீசினார்கள். இத்தனைக்கும் அது நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது! இருட்டியதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டியிருந்தது ஏனென்றால், மேஜர் லீகில் (அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்பால்) முதல் இரவு ஆட்டம் நடந்ததே 1935இல்தான். மென்பொருளில் சரிபார்க்க வேண்டியது வேறொன்று: ஒன்பதுக்குப் பிந்தைய கூடுதல் இன்னிங்ஸை இரண்டாம் பேஸில் ஓர் ஓட்டக்காரரை நிறுத்தித் தொடங்கும் விதி மேஜர் லீகில் 2020இல்தான் வந்தது என்பதால், 1920 பருவத்துக்கான அமைப்பில் அது இயங்கக் கூடாது.